குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில்

2016 ஏப்ரல் 18

இரத்தப் பரிசோதனைத் துண்டு வந்தது. ஹீமோகுளோபின் ஒன்பது தசம் மூன்று. கிளினிக்கில் ஒருவரும் காண முன் மடித்துப் பைக்குள் வைத்தேன். பதினொரு வருடமாக நான் மருத்துவமாது. கர்ப்பிணிகளின் கண் இமையை இழுத்துப் பார்த்து, "வெள்ளையாக் கிடக்கு, நீங்க இரும்புக் குளிசை போடுறல்ல" என்று ஏசுகிறவள். என் இமையை இழுத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று.

ஆனால் மனசுக்குள் ஒரு சந்தோசமும் இருக்கிறது. போன வருடம் கற்பிட்டி வீதி அரை மரதனில் பதினாறாவது கிலோமீற்றரில், கருவாடு காயவைக்கும் வாடி வளைவில், கால் வராமல் குந்தினேன். முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். அது என் மச்சான் ஜபார் நானாவின் வாடிக்கு நேர் முன்னால். பயிற்சி போதாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். இல்லை, இரும்புதான் போதாது. காரணம் தெரிந்தால் சரிக்கட்டலாம்.

டொக்டர் மிஸ்ஸுக்கு மட்டும் காட்டினேன். அவர் சொன்னார்: "ஆகஸ்ட்ல பதினொண்டுக்குக் கீழ எண்டா இந்த வருச ஓட்டத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன், பஸீஹா."

"வைப்பீங்க மிஸ்" என்றேன்.

ஏப்ரல் 24

குளிசை தொடங்கி ஆறு நாள், நாளுக்கு ஒரு மாத்திரை. வயிறு எரிகிறது. தாய்மார் முறையிடும்போது "ரெண்டு நாளில சரியாகும்" என்று சொல்லி அனுப்பினேனே, அவர்கள் எல்லாரும் என்னை மன்னிக்கட்டும்.

மே 9

இன்று எட்டு கிலோமீற்றர். சுபஹு தொழுதுவிட்டு இறங்கினேன், வெயில் ஏற முன் வந்துவிட்டேன். ஐந்தாவதில் மூச்சு வாங்கியது, நடந்தேன், பிறகு ஓடினேன். வெட்கம் இல்லை.

வீட்டு வாசலில் வழமை போல என் கணவர் தாஹிர், இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டியோடு, பால் விடாத தேத்தண்ணியோடு. நான் ஓடுவதைப் பற்றி இந்த மனிசன் வாய் திறந்து ஒரு சொல் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. நானும் நாலு வருடமாக ஓடுகிறேன், ஒரு நாள் கூட றோட்டுக்கு வந்து பார்த்ததில்லை. ஜபார் நானாவோடு ஒரே வாடியில் வேலை. "றோட்டுல ஓடுற பொம்பிளையக் கட்டியிரிக்கான்" என்று அங்கே கதை. தாஹிருக்குக் கூச்சம். ஆனால் நான் படலையைத் திறக்கும்போது கோப்பை சூடாக இருக்கும். எப்படிக் கணக்குப் பார்க்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குளிசையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, பிளேன்டியைக் குடித்தேன்.

மே 30

மாதத்தின் அந்த ஏழு நாள். ஓட்டம் இல்லை. வீட்டுப் பார்வைக்குப் போன இடத்தில் கதிரையிலேயே கண் அயர்ந்துவிட்டேன். பிள்ளை பெற்ற தாய் எனக்குத் தலையணை கொண்டு வந்து தந்தாள்.

ஜூன் 7

முதல் நோன்பு. குளிசையை, விடிய முன் சாப்பிடும் சஹருக்கு மாற்றினேன். சோறு, முருங்கை இலைச் சுண்டல், ஈரல். தண்ணீரோடு குளிசை. பள்ளியில் சுபஹு வாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கையில் தாஹிரின் பிளேன்டி. நோன்பு திறக்க ஒரு மணி நேரத்துக்கு முன் நாலு கிலோமீற்றர், மெதுவாக. ஓடலாம். நான் ஓடுவேன்.

ஜூன் 27

ஒன்பது தசம் நாலு.

பத்துக் கிழமை. எழுபது குளிசை. ஒரே ஒரு தசம்! ஈரல் எவ்வளவு, கீரை எவ்வளவு, வயித்தெரிவு எவ்வளவு — எல்லாம் எங்க போச்சு? என்ட உடம்புல ஓட்டையா? டொக்டர் மிஸ் துண்டைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று ஓடவில்லை. கோபத்தில் அலுமாரி முழுவதையும் இறக்கி அடுக்கினேன்.

ஜூன் 30

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கிளினிக்கில் அக்கீலா. ஆறு மாதம், இரண்டாவது பிள்ளை. அவளுக்கும் இரத்தம் ஏறவில்லை. எனக்கு என் துண்டின் எரிச்சல் வேறு. பிடித்து ஏசினேன்.

"தேத்தண்ணியோட போடாதீங்க எண்டு எத்தின தரம் சொன்ன?"

"தேத்தண்ணியோட போடல்ல மிஸ். தண்ணியோடதான் போடுற. அதுக்குப் பொறகுதான் தேத்தண்ணி."

"எவ்வளவு நேரத்துக்குப் பொறகு?"

"சஹருக்கு எங்க மிஸ் நேரம்? வாங்கு சொல்ல முன்ன குடிக்கணுமே."

"அறிவு இல்லையா உங்களுக்கு, ஒரு மணி நேரமாவது இடைவெளி —"

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அக்கீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், சுகமில்லையா?" என்று கேட்டாள்.

துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்து இருக்கிறது, தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேர விடாது, ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று. வரிசை நீளம், வெயில், பிள்ளைகள் அழுகை. நான் அதைச் சுருக்கிச் சுருக்கி "தேத்தண்ணியோட போடாதீங்க" என்று ஆக்கிவிட்டேன். பதினொரு வருடம் எத்தனை தாய்மாருக்கு இப்படி அரைவாசி சொல்லி அனுப்பினேன்? நானே என் அரைவாசிச் சொல்லை நம்பி, குளிசைக்குப் பின்னாலேயே பிளேன்டி குடித்து ஏமாந்தேன். அக்கீலாவிடம் சொன்னேன்: "பிழை என்ட. உங்கட இல்ல." பிறகு வரிசையில் இருந்த எல்லாருக்கும் எழும்பி நின்று முழுதாகச் சொன்னேன்: தறாவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு குளிசை, தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீரோடு. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி இல்லை.

ஜூலை 1

சஹரில் தாஹிர் கோப்பையை நீட்டினார். குளிசையை இரவே போட்டிருந்தேன், குடித்திருக்கலாம். ஆனால் ஈரலும் கீரையும் வயிற்றில் கிடக்கிறது, அதன் இரும்பையும் தேத்தண்ணி விடாது. வேண்டாம் என்றேன். விளக்கமாகவும் சொன்னேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் என்னத்துக்கு எழும்புற?"

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். கோப்பையைக் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இந்த மனிசனுக்கு என்னோடு கதைக்க இருந்த ஒரே வழி அது என்று எனக்கு ஏன் முன்பே விளங்கவில்லை? 

ஜூலை 6

பெருநாள். ஜபார் நானா வட்டிலப்பம் தின்றுகொண்டே, "இந்த முறையும் வாடிக்கு முன்னாலதானா குந்துற?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாஹிர் சிரிக்கவில்லை. "கதிரை ஒண்டு போட்டு வைங்க நானா, நீங்க குந்திப் பாக்கலாம்" என்றேன்.

ஜூலை 19

ஐந்து மணிக்குத் தேசிக்காய்த் தண்ணீரோடு குளிசை. பிறகு ஓட்டம், பத்து கிலோமீற்றர். திரும்பி வர ஆறரை. வாசலில் கோப்பை இல்லை. பதினெட்டு நாளாக இல்லை.

இன்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "ஒண்டரை மணித்தியாலம் போச்சு. இப்ப குடிக்கலாம். தாறீங்களா?"

கேத்தலை அடுப்பில் வைத்தார். இஞ்சி இரண்டு மடங்கு.

ஆகஸ்ட் 7

தலவில தேவாலயப் பெருநாளுக்குப் போகும் பஸ்கள் றோட்டை நிறைத்துவிட்டன. ஓரத்து மணலில் பதினெட்டு கிலோமீற்றர், கச்சான் காற்று முகத்தில். களைப்பு வந்தது, ஆனால் இது ஓடிய களைப்பு, அந்தப் பழைய களைப்பு இல்லை.

ஆகஸ்ட் 22

பதினொன்று தசம் இரண்டு. கையெழுத்து வைத்துவிட்டு டொக்டர் மிஸ் சொன்னார், அக்கீலாவுக்கும் ஏறியிருக்கிறது என்று. என்னுடையதை விட அது பெரிய சந்தோசம். பொய் சொல்லக் கூடாது — இரண்டும் ஒரே அளவு.

ஆகஸ்ட் 28

கால் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டன. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

இன்று அரை மரதன். பதினைந்தாவது கிலோமீற்றர் வரை நன்றாக வந்தேன். வளைவு தெரிந்ததும் பயம் பிடித்தது. கால் அல்ல, மனசுதான் குந்தப் பார்த்தது. வாடிக்கு முன்னால் ஆட்கள். ஜபார் நானா கதிரை ஒன்றில். உண்மையாகவே கதிரை போட்டிருந்தார்.

அந்தக் கதிரைக்குப் பக்கத்தில், அத்தனை பேர் பார்க்க, பிளாஸ்க்கோடு தாஹிர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு றோட்டில் இறங்கி என்னோடு ஓடத் தொடங்கினார்.

"குளிசை எத்தின மணிக்குப் போட்ட?"

"நாலரைக்கு."

மணிக்கூட்டைப் பார்த்தார். ஓடிக்கொண்டே மூடியில் ஊற்றினார். பாதி அவர் சேட்டில்.

"அப்ப குடிக்கலாம்."

சீனி கூட. இஞ்சி கூட. குடித்துவிட்டு ஓடினேன், திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுகை வந்திருக்கும்.

இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். முழுத் தூரம். பதக்கம் போட வந்த பிள்ளை, "கையில என்ன மிஸ்?" என்று கேட்டாள். பார்த்தால் பிளாஸ்க் மூடி. ஐந்து கிலோமீற்றர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால், தாஹிர் வாடி வளைவு முழுக்க அந்த மூடியைத் தேடிவிட்டு வந்து வாசலில் இருக்கிறார்.