செல்லத்தாயின் காய்கறிச் சங்கம்

நல்லூர், திருப்பூர்
20-8-2006

அன்பு மகள் அபிராமிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி இருக்கும் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். மொரீசியசில் உன்னைத் தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள் என்று கட்டிங் செக்சனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நின்றே வெட்டுவதால் எனக்குக் கால்வலி உண்டு, பயப்படும்படி இல்லை.

அம்மா ஏதோ சங்கம் நடத்துகிறாளாமே என்று கேட்டிருந்தாய். போன வருடம் தை மாதம் அவிநாசி கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பஸ் வழியில் நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் கூடை கூடையாகக் கத்தரிக்காயை மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தார். ரத்தினசாமி என்று பேர். வியாபாரி எடுக்க வரவில்லையாம். நம் தெருக் கடையிலோ எங்கிருந்தோ லாரியில் வந்து வாடிப்போன காயைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். நான் வேடிக்கை பார்த்தேன், உன் அம்மா இறங்கிப் போய், இருபது வீடு சேர்ந்து வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை நல்லூருக்கே கொண்டுவந்து தருவீர்களா என்று கேட்டாள். நீங்க ஊடுகளைச் சேருங்க, காயை நான் கொண்டாந்து எறக்கறேனுங்க என்று அவர் சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளோ கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்த கையோடு தெருத் தெருவாக ஏறி இறங்கி, நம் சாத்தூர்ப் பக்கத்துச் சனம், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த ராபின் வீட்டார், இந்த ஊர்க்காரர்கள் என்று இருபத்திரண்டு வீட்டைச் சேர்த்துவிட்டாள். அந்த வாரம் தோட்டத்தில் எது விளைந்ததோ அதை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வது, இதுதான் ஏற்பாடு. பீன்ஸ் இல்லை, கேரட் இல்லை என்று முதல் மாதமே முணுமுணுப்பு. மூன்று வாரம் விடாமல் சுரைக்காய் வந்தபோது நானே முகம் சுளித்தேன். அவள் கோபப்படவில்லை, நாலு வீட்டு அடுப்படிக்குப் போய் அதையே நாலு விதமாகச் சமைத்துக் காட்டிவிட்டு வந்தாள்.

இந்த வைகாசியில்தான் சோதனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பையோடு காத்திருக்க, ரத்தினசாமி வெறும் வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். "பக்கத்துல சாயப்பட்டறை வந்து ஒரு வருசமாச்சுங்க. இப்ப எங் கெணத்துத் தண்ணி நெறம் மாறிப்போச்சுங்க. இதுல வெளஞ்சத உங்க கொழந்தைகளுக்குக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க" என்றார். தாயி, அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பாட்டிலில் இருந்த அந்த இளஞ்சிவப்பு, அந்த வாரம் என் டேபிளுக்கு வெட்ட வந்த துணியின் நிறம். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் சோறு போடுவது பனியன் கம்பெனிதான், யார் என்ன பேச முடியும், நானும் தலையைக் குனிந்துகொண்டேன். சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அப்போது உன் அம்மா எழுந்தாள். "காய் போனா வேற தோட்டத்துல வாங்கிக்கலாம். இப்படி வந்து சொல்ற மனுசனை எங்க போய்த் தேடுவீக? இனிமே எந்தத் தோட்டத்துக் காய் வரணும்னு இவரே பாத்துச் சொல்லட்டும்" என்றாள்.

அடுத்த நாலு ஞாயிறும் உன் அம்மாவும் ரத்தினசாமியும் கிணறு கிணறாக அலைந்தார்கள். தண்ணீரைக் கோயமுத்தூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவிநாசிக்கு வடக்கே அமராவதி என்ற பெண்ணின் தோட்டமும் இன்னும் இரண்டும் தேறின. அங்கிருந்து காயைத் தேர்ந்து ஏற்றி வருவது இப்போது ரத்தினசாமியின் பொறுப்பு, அதற்குச் சங்கம் சம்பளம் கொடுக்கிறது. சாயப்பட்டறையைப் பற்றி மனு எழுதி அனுப்பியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை, அவர் கிணறும் தெளியவில்லை. கம்பெனியில் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தோடுதான் நானும் கையெழுத்துப் போட்டேன். செல்லத்தாயின் காய்கறிச் சங்கம் என்று உன் அம்மா பேரிலேயே தெருவில் சொல்கிறார்கள், இப்போது நாற்பத்தொரு வீடு.

இன்று காலையில் ரத்தினசாமி எல்லாருக்கும் காயை இறக்கிக் கொடுத்துவிட்டு, வரிசையில் கடைசி ஆளாகத் தானும் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் மண்ணில் விளைந்ததைத் தின்றே வளர்ந்த மனுசன். உன் அம்மா பார்த்துவிட்டாள். அந்தப் பையை வாங்கி, எங்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த பிஞ்சு வெண்டைக்காயை அதில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

அங்கத்துச் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. அங்குள்ள பெண்களோடு சந்தைக்குப் போய், அந்த ஊரில் என்ன கீரை விளைகிறதோ அதைச் சமைக்கக் கற்றுக்கொள். விசா தேதியை மறக்காமல் பார்த்துக்கொள். நீ நூறு வயது நோய் நொடியின்றி இருக்க அப்பா அம்மாவின் ஆசீர்வாதம். இருபத்தேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தும், உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நீ பெரிய மனுசி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை போனில் பேசும்போது அப்பா அப்படி எழுதியிருக்கிறார் என்று நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
மூக்கையா