கம்பியில் தொங்கிய விஞ்ஞானி

விக்கிரமசிங்கபுரம்
4-5-2025

மகன் பெனோவுக்கு,

அப்பா இஸ்ரவேல் சொல்ல, தங்கச்சி ரீபா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ரீபாவும் கர்த்தர் கிருபையில் சுகம், உன் சுகத்தை அறிய ஆவலில்லை, ஆனாலும் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். உன் போன் பத்து நாளாக அணைந்தே கிடக்குது, எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி, அதனால்தான் இந்தப் பிள்ளை கையில் பேனா. நீ தந்த ‘விஞ்ஞானிகள் குடியிருப்பு’ முகவரிக்கே அனுப்புகிறேன், அது எந்த டீக்கடைக்குப் பின்னால் இருக்கிறது என்று தபால்காரராவது கண்டுபிடிக்கட்டும். (அண்ணே, அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன்.)

மகன் வானத்தை ஆராயும் வேலையில் சேர்ந்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கவரில் எழுதிப் போட்டேன், சபை ஐயரும் அதைப் பீடத்தில் நின்று சத்தமாக வாசித்தார். அன்றிலிருந்து சபையில் எனக்கு முன்வரிசை. அந்தப் பெருமையில்தான் இந்த வருஷச் சுற்றுலாவுக்கு ஊட்டி என்று முடிவானது, பூங்காவை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, நம்ம பெனோவின் டெலஸ்கோப்பைப் பார்க்கணும் என்று எல்லாரும் நின்றார்கள். நீயோ அந்த வாரம் பயிற்சிக்குப் புனே போகிறேன் என்று சொல்லிவிட்டாய். சரி, ஆபீஸில் கொடுத்துவிட்டு வருவோம் என்று உன் அம்மா டவுணுக்குப் பஸ் ஏறிப் போய் இரண்டு கிலோ அல்வா வாங்கி வந்தாள். (அவள் உனக்கு அல்வா கொண்டுவந்தாள், நீ எங்களுக்கு முன்னமே கொடுத்துவிட்டாய்.)

ஊட்டியில் அந்த டெலஸ்கோப் இடத்தில் தேவேந்திரன் என்று ஒரு பையன், உன் வயசுதான், நிஜமாகவே ஆராய்ச்சி செய்கிறவன், நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுமையாகச் சொல்லித் தந்தான். கண் வைத்துப் பார்க்கிற குழாய் எங்கே தம்பி என்று நம் சத்தியநேசன் வாத்தியார் கேட்டார். கண் வைக்கிற வேலையே இல்லை, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலையை வாங்குகிற இயந்திரம் இது என்றான். நீளவாக்கில் பிளந்த மூங்கிலை மலைச்சரிவில் சாத்தி வைத்ததுபோல அரை கிலோமீட்டருக்குக் கிடக்குது. இருபத்து நாலு இரும்புச் சட்டம், அதன்மேல் ஆயிரத்து நூறு எவர்சில்வர் கம்பி, நம் மில்லில் பாவு இழுத்த மாதிரி ஒரு இழை தொய்வில்லை. நான் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர் இல்லையா, இத்தனை சந்து இருக்கே, அலை ஒழுகிப் போகாதா என்று கேட்டேன். இங்கே பிடிக்கிற அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், இந்தச் சந்து அதற்குச் சுவர் மாதிரி, பட்டுத் திரும்பி முன்னால் இருக்கிற ஆன்டெனா வரிசையில் விழும், நல்ல கேள்வி ஐயா என்றான். அந்த மலையின் சரிவு பதினோரு டிகிரியாம், அந்த இடம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதும் பதினோரு டிகிரியாம், அதனால் இயந்திரத்தின் அச்சும் பூமியின் அச்சும் ஒரே போக்கு. ஒரு பக்கமாகப் பைய உருட்டிக்கொண்டே இருந்தால் போதும், ஒரே நட்சத்திரத்தை ஒன்பதரை மணி நேரம் விடாமல் பிடித்திருக்கும். மலைகூடத் தான் இருக்கிற இடத்துக்குத் தக்கன சாய்ந்து நிற்குது லே, நீ இருந்த இடம் ஒன்று, சொன்ன இடம் ஒன்று.

வானத்திலிருந்து வருகிற அலை அவ்வளவு நொய்மையாம், சந்திரனில் ஒருத்தன் செல்போன் வைத்திருந்தால் அதுவே பெரிய நட்சத்திரம் மாதிரித் தெரியுமாம். அன்றைக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுற்றுவட்டாரத்தில் எங்கிருந்து இரைச்சல் வருகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள், வேலையாட்கள் உட்பட எல்லார் போனையும் அணைத்துப் பெட்டியில் போடச் சொன்னார்கள். உன் அம்மா அல்வாப் பையை நீட்டி, பெனோ இஸ்ரவேல் இங்கன விஞ்ஞானியாக இருக்கான், அவன் வந்ததும் கொடுத்துடுங்க தம்பி என்றாள். அந்தப் பையன் யோசித்து, அப்படி யாரும் எங்களிடம் இல்லையே அம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னான். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். சட்டத்தில் கயிறு கட்டி நாலு பேர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், முகத்தில் துண்டு. மூன்று பேர் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், ஒருத்தன் மட்டும் முதுகைக் காட்டினான். எனக்கு ஒரு கண்ணில்தான் புரை, உன்னைக் கண்டுபிடிக்க மற்றக் கண் போதும்.

அப்போதுதான் மேலேயிருந்து ஆடு கத்தியது. ஐம்பது அடி உயரத்தில் ஏதுடா ஆடு என்று சபையே சிரித்தது, தேவேந்திரன் சிரிக்கவில்லை. கான்ட்ராக்டரின் மேஸ்திரி உன்னைக் கீழே இறக்கினான். யார்லே கூப்பிட்டது என்று அவன் கேட்க, நீ போனைப் பார்த்தாய், உன் அம்மாவைப் பார்த்தாய், ராங் நம்பர் என்றாய். சாமானை எடுத்துக்கொண்டு போ, இனி இங்கன வராதே என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. இவரை உங்களுக்குத் தெரியுமா ஐயா என்று தேவேந்திரன் என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். பெயிண்ட் அடிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை, நான் கிரீஸில் குளித்தவன். அதை மறைத்து என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாயே, அதுதான் கேவலம். அல்வாவைத் திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மாவையே எல்லாருக்கும் பங்கு வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

வேலையிடத்தில் போனை அணைக்கத் தெரியாதவனுக்கு வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. இந்த மாசக் கடைசியில் கோயில் அசனம், சபையே கூடிச் சாப்பிடுகிற பந்தியில் உன் முகம் வேண்டாம். யார் கேட்டாலும் வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன், பொய் உன் சொத்து மட்டுமா. குளிரில் தலையை மூடிக்கொண்டு திரி, முகம் மூடத்தான் உனக்குப் பழக்கமாச்சே. வேறு வேலை கிடைத்தால் இன்ன வேலை என்று உள்ளபடி எழுது. ஆசீர்வாதத்தைக் கர்த்தர் தருவார், என்னிடம் இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற குற்றத்துக்காக,
அ. இஸ்ரவேல்

(அப்பா தூங்கப் போய்விட்டார். அண்ணே, அந்தப் போனைப் போட்டது அம்மா இல்லை, நான். பெட்டியில் போடுகிறேன் என்று அவள் போனை வாங்கி ஸ்வெட்டர் கைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த முதுகு உன் முதுகுதானா என்று தெரிய வேண்டியிருந்தது, ஆட்டை விட்டுப் பார்த்தேன். நீ கிறிஸ்மஸுக்கு வந்தபோது உன் போனில் அம்மா நம்பருக்கு அந்தச் சத்தத்தை வைத்துவிட்டதும் நான்தானே. அவள் பதினொன்றரைக்குச் சமையல் முடித்துவிட்டுக் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் பயப்படுவாள் என்று நீ போனை அணைப்பதே இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். வேலை போகும் என்று மட்டும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா தன் போனில் உனக்குப் போன அந்த அழைப்பைப் பார்த்துவிட்டாள். அணைக்காமல் கொடுத்துவிட்டேன், பெட்டி நெரிசலில் பட்டன் அமுங்கிவிட்டது என்று அவளாகவே ஒரு கதை கட்டிக்கொண்டாள். இந்தக் கைதான் பிள்ளை சோற்றில் மண் போட்டது என்று அம்மிக்கல்லில் அடிக்கிறாள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நீ இரண்டு வருஷம் மறைத்தவன், எனக்குப் பத்து நாள்தான் ஆகிறது.

ஒரு பேச்சு. நீ போனைப் போட்டு அவளோடு பேசு, அன்றைக்கே இரண்டு பேரிடமும் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் பெல்ட்டுக்கும் முதுகு தயார். நீ போடாவிட்டால் நானும் சொல்ல மாட்டேன், அவள் அடித்துக்கொள்ளட்டும். வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருக்குது. இது விளையாட்டு இல்லை. ரீபா.)