தீ அலாரம் அடித்தபோது

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

திங்கட்கிழமை ஆபீசில் தீ அலாரம் அடித்தது. எல்லோரும் கீழே ஓடிவிட்டார்கள். என் காதுக்குள் ராப்பகலாகக் கேட்கும் இரைச்சல்தான் என்று நினைத்து நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி அண்ணன் வந்து தோளைத் தட்டினார்.

"ஏம்மா, தனியா உக்காந்து குளிர் காயலாம்னு பாத்தியா?"

அவர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு நானும் சிரித்துவிட்டேன். வெறும் புகைதான், பயப்படாதீர்கள்.

இடது காதைக் கொண்டுபோன எம்.எஸ். நரம்பு நோய் இப்போது வலது காதுக்கும் வந்துவிட்டது. ஊசி போட்டும் பலனில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இனி போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து பேசாதீர்கள். அம்மா மட்டும் பேசட்டும். நான் 'ம்' கொட்டாவிட்டாலும் நிறுத்த விடாதீர்கள். காரணத்தை அவளிடம் சொல்ல வேண்டாம். எனக்கு வார்த்தை பிடிபடுவதில்லை, குரல் மட்டும் கேட்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கோ.

ஆபீசில் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, அப்பா.

உங்கள் மகள்