இடப்பக்கத்து ஜன்னல்

அக்கா,

உன் வீட்டிலிருந்து திரும்பி வந்த என் தூக்குச்சட்டியை நேற்றுத்தான் திறந்தேன். மூடி இறுகிப் போயிருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்து இழுத்ததும் நல்லமிளகின் மணம் அடுக்களை முழுக்க ஏறிவிட்டது. இரண்டு தும்மல் போட்டேன். மூன்றாவது தும்மலுக்குள் கண் நிறைந்துவிட்டது. மிளகினால்தான் என்று பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் இல்லை.

மீனுவுக்கு இருமல் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். பெங்களூரிலிருந்து எல்லோரும் இன்றைக்கு வருகிறார்கள். பிள்ளை வந்ததும் சுக்கும் நல்லமிளகும் தட்டிப் போட்டு ஒரு காப்பி கொடுக்கலாம் என்று நினைத்தேன். கடையில் வாங்கின மிளகு டப்பாவில் கிடக்கத்தான் செய்தது. ஆனாலும் கை பரணுக்குத்தான் போனது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மருமகள் இதை என் கையில் தந்தாள். "சித்தி, இது ஒங்களுக்கு. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கப்பிடாதுன்னு அத்தை அவியளே பறிச்சு ஒணக்கி நெறைச்சு வச்சாவ. நீங்க வரும்ப தரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ" என்றாள். நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு எழுத்து தெரியாது. நான் பிறந்தபோது என்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று உன்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் ஐந்து வரைக்கும் படித்தேன். நீ அதைப் பற்றி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தக்கலை பஸ் ஸ்டாண்டில் நாம் நிற்கும்போது, வருகிற வண்டியின் போர்டை நான் வாசிப்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வாய்: "எந்தங்கச்சி எழுத்துக்காரியாக்கும். அவ சொல்லுவா, எந்த பஸ்சுன்னு." எனக்குத் தலை நிமிர்ந்துவிடும். அப்படி நிமிர்ந்த தலை பிறகு தாழவே இல்லை. குறையைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின மே மாதம். மகன் புதுக் கார் வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தான். ஆதிக்கு ஏழு வயது, மீனுவுக்கு நாலு. பெரியம்மாவைப் பார்க்கப் போகலாம் என்றான். நான் முந்தின நாளே முந்திரிக்கொத்து சுட்டுத் தூக்கில் அடுக்கினேன். சர்க்கரைக்காரிக்கு இனிப்பு எதற்கு என்று மருமகள் பிரியா கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு கடிச்சுப் பாத்தா ஒண்ணும் ஆகாது மக்கா, மணம் பிடிக்கட்டும்" என்றேன்.

மணவாளக்குறிச்சியை விட்டு வண்டி கிளம்பியபோது, முன்னால் பிரியாவின் போனில் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வழி சொல்லிக்கொண்டு வந்தது. இருநூறு மீட்டர், முன்னூறு மீட்டர் என்று ஓயாத பேச்சு. எனக்குப் பொறுக்கவில்லை.

"பிரியா, அந்தப் பொம்பளைய அமத்து மக்கா. அவ எந்தக் காலத்துல பேச்சிப்பாறை பஸ்சுல ஏறினா? நான் அம்பது வருசமாப் போறேன்."

மகன் சிரித்தான். "அம்மாதான் இன்னைக்கு மேப்பு. அத ஆஃப் பண்ணு."

பிரியா அமர்த்திவிட்டாள். அவள் முகம் கொஞ்சம் வாடினது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா, நான் அம்பது வருஷம் போனது உண்மைதான். ஆனால் பஸ்ஸில் போனேன். பஸ்ஸில் பெண்களுக்கு இருக்கை இடப்பக்கம். அம்பது வருஷமும் இடப்பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துதான் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்த வழியில் இடது கைப் பக்கம் இருக்கிற கிணறும் கடையும் பலாமரமும் எனக்கு மனப்பாடம். வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஒரு சொல் சொல்லத் தெரியாது. அது எனக்கே தெரியாமல் இருந்தது.

மீனுவுக்குக் காரில் ஏறினால் குமட்டும். தக்கலை தாண்டியதும் ஒருமுறை வாந்தி எடுத்தாள். அவளுக்கு இடது ஜன்னலைக் கொடுத்துவிட்டு, ஆதியை நடுவில் வைத்து, நான் மகனுக்குப் பின்னால் வலப்பக்கம் மாறி உட்கார்ந்தேன்.

குலசேகரத்தில் நிறுத்தி மட்டிப்பழம் வாங்கினோம். அங்கிருந்துதான் மகன் உனக்குப் போன் போட்டான். "பெரியம்மா, குலசேகரம் வந்தாச்சு. அரை மணிக்கூர்ல அங்க நிப்போம்."

உன் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "வாங்க மக்கா வாங்க! சோறு வடிச்சாச்சு. எலை நறுக்கி வச்சிருக்கேன். பிள்ளையளுக்குப் பசிக்கும்லா. எங்கே அந்த எழுத்துக்காரி? வாய மூடிக்கிட்டா வாறா?"

"வந்து பேசுதேன், நீ போன வையி" என்று நான் சிரித்தேன்.

போனை வைத்த கையோடு நீ மத்தியானத்துச் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கொண்டாய். ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். நாங்கள் அரை மணி என்று சொல்லியிருந்தோம். உன் பேரில் ஒரு பிழையும் இல்லை.

உன் வீட்டுக்குத் திரும்பும் அடையாளம் எனக்குத் தெரியாததா? சானல் வாய்க்கால் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் மஞ்சள் அடித்த குருசடி. அந்தச் சிலுவையை ஒட்டி மேலே ஏறுகிற பாதை. நான் என் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மழைக்கு முன்னால் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள்.

"ஆச்சி, மரத்துக்கு ஏன் பாவாடை கட்டியிருக்காங்க?" என்று ஆதி கேட்டான்.

"அதுக்கும் வெக்கம் உண்டும்லா மக்கா" என்றேன். வண்டியே சிரித்தது. பிறகு சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் கெட்டுப்போகும் என்று நீட்டி முழக்கிச் சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் மஞ்சள் குருசடி மீனுவின் ஜன்னலைக் கடந்து போயிருக்க வேண்டும்.

"அம்மா, இன்னும் போணுமா?" என்று மகன் கேட்டான்.

"போ, போ. நான் சொல்லுதேன்லா."

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு போர்டு வந்தது. நான்தான் எழுத்துக்காரி ஆயிற்றே, எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். அணைக்குப் போகும் வழி என்று போட்டிருந்தது. உன் வீட்டுக்குப் போகிற வழியில் அணை வராது. வழி தப்பிவிட்டது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "தெத்திப் போச்சு மக்கா, வண்டியத் திருப்பு" என்று நாலு சொல். காலையில் அமர்த்தச் சொன்ன போன் பிரியாவின் மடியில் கிடந்தது. அவள் முன்னால் அந்த நாலு சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக இப்படிச் சொன்னேன்:

"வண்டிய நிப்பாட்டு. பிள்ளையளு டேமு பாக்கட்டும். அதுக்குத்தான் இந்த வழியா வரச் சொன்னேன்."

"பெரியம்மா காத்திருப்பாவளே. ஒரு போன் போட்டுச் சொல்லட்டா?"

"விளிக்காண்டாம். இன்னா, இப்பம் போயிருவோம்."

பிரியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கி ஓடினார்கள். மீனு கடையைக் கண்டு அழுது மாம்பழ ஜூஸ் வாங்கினாள். திட்டம் போட்டு வந்தவள் உடனே கிளம்பச் சொல்ல முடியுமா? நானும் நின்றேன். "அம்மா, சிரிங்க" என்று மகன் போட்டோ எடுத்தான். நான் சிரித்தேன். அந்தப் போட்டோ எடுத்த நேரம் அவன் போனில் அப்படியே இருக்கிறது. ஒன்று இருபது. பிறகு எத்தனை தடவை அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது மஞ்சள் குருசடி என் பக்கம் வந்தது. "இங்ஙன திருப்பு" என்றேன், எல்லாம் நான் நினைத்தபடியே நடப்பதுபோல.

உன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மேசையில் ஆறு இலை, தண்ணீர் தெளித்துத் துடைத்து வைத்திருந்தாய். மருமகள் வேலைக்குப் போயிருந்தாள், வீட்டில் நீ மட்டும். அடுக்களைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாய். சேலை நனைந்து ஒட்டும்படி வியர்வை. கையில் அகப்பை. என்னைப் பார்த்து, "ஆரு, அம்மையா?" என்று கேட்டாய். நாற்பது வருஷத்துக்கு முன்னால் போன அம்மையைக் கேட்டாய். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

பிரியாதான் ஓடினாள். அவள் அப்பாவுக்கும் சர்க்கரை. "இனிப்பு, ஏதாவது இனிப்பு!" என்று கத்தினாள். முந்திரிக்கொத்தை மென்று தின்னும் தெளிவு உனக்கு இல்லை. மீனுவின் கையில் பாதி ஜூஸ் இருந்தது. பிள்ளை உடனே நீட்டினாள். பிரியா உன்னை மடியில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கண் தெளிந்ததும் குலசேகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அடுப்படியில் எல்லாம் மூடி வைத்தபடி இருந்ததாம், மீன் குழம்பும் அவியலும் பப்படமும். ஒரு சட்டியிலும் கரண்டி இறங்கவில்லை. வருகிறவர்கள் உண்ணாமல் வீட்டுக்காரி உண்ணக்கூடாது என்று அம்மை நமக்குச் சொன்னதை, ஊசி போட்ட வயிற்றோடும் நீ விடவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். "என்னத்துக்குச் சாப்பிடாம இருந்தே?" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். நீ சிரித்தாய். "சமையல் மும்முரத்துல மறந்துட்டேன். சவத்த விடுங்க." எங்கள் பெயர் உன் வாயில் வரவேயில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேமுல நின்னதுனாலதான் பிள்ளை கையில ஜூஸ் இருந்துது. கடவுள் நிப்பாட்டினாரு" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் வெளியே போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டாய். என் காதைப் பிடித்து இழுத்து, சின்ன வயதில் கேட்பதுபோலக் கேட்டாய்.

"ஏட்டி, வழி தெத்திப் போச்சு, இல்லியா?"

"இல்ல" என்றேன்.

என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "கொள்ளாம்" என்று, நல்லதுதான் என்பதுபோலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாய். பிறகு எட்டு மாதம் இருந்தாய். வாரத்துக்கு ஒருநாள் போனில் பேசினோம். மறுபடி அதை நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தை மாதம் ஒரு விடியற்காலை உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதாக உன் மருமகள் சொன்னாள். இருக்கலாம். எனக்கு அது போதவில்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. உன்னைக் கொண்டுபோன அன்று மகன் வாழைமூட்டில் குத்தவைத்து அழுதான். "நான் போட்டோ எடுத்துக்கிட்டு நின்னேம்மா. பெரியம்மா பட்டினியா கெடந்தாவ" என்றான். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "அழாத மக்கா" என்றேன். அது உன் பிழை இல்லை, என் பிழை என்று சொல்லவில்லை. என் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றிவிட்டு முதுகைத் தடவினேன். அதற்குப் பிறகு அவன் வண்டியை எடுத்து எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போவதில்லை. பிள்ளைகள் கேட்டால் நேரமில்லை என்கிறானாம்.

அந்தப் போட்டோவைப் பிரியா சட்டம் போட்டு இங்கே கொண்டுவந்து மாட்டியிருந்தாள். போன தடவை அவர்கள் போனதும் கழற்றி அலமாரியில் வைத்தேன். கேட்டால் ஆணி துருப்பிடித்துவிட்டது என்று சொல்ல எண்ணி வைத்திருந்தேன். இன்று காலை மறுபடி அதே ஆணியில் மாட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறது ஆணி.

இப்போது மணி பன்னிரண்டு. சோறு வடித்தாயிற்று. அவர்களுக்கு நாலு இலை நறுக்கி வைத்துவிட்டு, ஐந்தாவதை எனக்குப் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்கு முன்னால் நான் உண்பது இதுதான் முதல் தடவை. முதல் உருண்டையைத் தண்ணீர் குடித்து இறக்கினேன். ஆமாம் அக்கா, வழி தெத்திப் போச்சு. எனக்கு அப்போதே தெரியும்.

பாதிச் சாப்பாட்டில் போன் அடித்தது.

"அம்மா, நாகர்கோவில் தாண்டிட்டோம். அரை மணிக்கூர்ல வந்திருவோம். சாப்பிடாம இருக்காதீங்க."

"தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். பைய வா. வந்தப்பொறவு உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

"அன்னைக்கு டேமுக்குப் போனோம்லா, அந்த வழியப் பத்தி."

பின்னால் மீனு இருமுவது கேட்டது. "சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

சொல்கிறேன் என்று சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் எனக்கில்லை, உனக்குத் தெரியும். இலையை எடுத்துவிட்டுக் கை கழுவினேன். இனி மீனுவுக்கு உன் நல்லமிளகைத் தட்ட வேண்டும். தூக்குச்சட்டி அடுப்புப் பக்கத்தில் திறந்தே இருக்கிறது.