முப்பது மாரு துரியோதனன்

குருபரப்பள்ளி தபால்
14-6-1968

சிரஞ்சீவி மகன் திம்மராயனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நான், உன் அம்மா, தங்கை காவேரி, கன்று ஈன்ற செவலைப் பசு உட்பட இங்கே எல்லோரும் சுகம், ஜபல்பூர் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். பாக்டரி கேன்டீன் சப்பாத்தி உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அம்மாவுக்குக் கவலை, ராகி மாவு அரைத்துக் கட்டி வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

ஏரி சமாச்சாரம் காவேரி அரைகுறையாக எழுதியிருப்பாள், நான் முழுதாக எழுதுகிறேன். நம் கரட்டு மரங்களைக் கரி மூட்டம் போடுகிறவனுக்கு நான் விற்றதும், வேணாம்பா மண்ணெல்லாம் ஏரிக்கு வந்துரும் என்று நீ மல்லுக்கு நின்றதும், நான் கை ஓங்கியதும், அந்த வாரமே நீ ரயில் ஏறியதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மழையில் கரட்டு மண் சரிந்து ஏரியை மூடிவிட்டது. போன வருடம் கணுக்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஏரிக்குக் கீழே வெங்கடம்மாள் கிணறுதான் முதலில் வற்றியது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை, என்னோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார்கள். தூர் எடுப்போம் என்று கூட்டம் கூடினாலும் நீ வண்டி விடு, அவன் விடட்டும் என்று கலைந்து போவார்கள்.

இந்தச் சித்திரையில் துரோபதையம்மன் கோவிலில் பாரதம் வைத்தார்கள். கடைசி நாள் படுகளத்துக்கு மண்ணில் துரியோதனனைப் படுக்க வைக்க வேண்டுமே, வழக்கமாகச் செய்கிறவருக்குக் காய்ச்சல் என்று ஆனேக்கல் பக்கமிருந்து ஒரு கன்னடக்காரரைக் கூட்டி வந்தார்கள். கோவில் காரியம் பார்க்கும் சின்னராஜ் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் முப்பது மூரா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தெலுங்கில் மூரா என்றால் முழம். கன்னடக்காரர் காதில் அது மாரு என்று விழுந்தது, அவர்களுக்கு மாரு என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஒன்றுக்கு நாலு முழம். ஊர் என்னோடு பேசுவதில்லை என்று தெரியாத மனிதர், சும்மா நின்ற என்னிடம் கயிற்றின் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு ஏரிப் பக்கத்து மேட்டில் சாம்பலால் கோடு போட்டார். எனக்கு அப்போதே தவறு தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. ஊருக்கு நல்லது என்று வாயை மூடிக்கொண்டேன் என நினைக்காதே, என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற வீம்புதான். இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பார்த்தால் தலை பனைமரத்தடியில், கால் மதகருகே. பூசாரி முனிவேல் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தேங்காய் உடைத்துப் போட்ட கோட்டை அழிக்கக் கூடாது, நிரப்பித்தான் ஆக வேண்டும். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது, ஏரிக்குள்தான் இறங்கினார்கள். தூர் எடுக்க வராத வண்டிகளெல்லாம் துரியோதனனுக்கு வந்தன. மேல்தெருவுக்குத் தொடை, கீழ்த்தெருவுக்கு மார்பு என்று பங்கு போட்டுச் சண்டை வேறு. மீசைக்கு மட்டும் மூன்று வண்டி மண். நானும் நம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன், யாரும் போ என்றும் சொல்லவில்லை வா என்றும் சொல்லவில்லை. அம்மாவும் காவேரியும் மற்றப் பெண்களோடு கிரீடத்துக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் மஞ்சளும் பூசினார்கள். பதினோரு நாள் ஆயிற்று. பீமன் வேஷக்காரன் தொடைக்கு ஏறவே இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

படுகளம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் பயிரில் தூவுவது உண்டல்லவா, இந்தத் துரியோதனனில் வீட்டுக்குப் பத்து வண்டி வந்தது. நல்ல வண்டல், ராகிக் கொல்லைக்கு வேறு உரமே வேண்டாம். நான் ஒதுங்கித்தான் நின்றேன். வெங்கடம்மாள் ஒரு கூடை அள்ளி வந்து என் தலையில் வைத்து, உங்க கரட்டு மண்ணுதானே மாமா, திருப்பி எடுத்துக்கினு போங்க என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இரண்டு கையும் கூடையில் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. அந்த மண்ணைக் கரட்டுக்கே ஏற்றிக் குழி வெட்டிப் புங்கன் கன்று வைத்திருக்கிறேன், ஆடு கடித்தது போக நாற்பது தேறும். வைகாசிக் கடைசியில் பெய்த மழைக்கு மதகுப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, வெங்கடம்மாள் கிணற்றில் ஊற்றுக் கண் திறந்திருக்கிறது. ஏரி முழுதும் சரியாகிவிடவில்லை, பாதிக்கு மேல் இன்னும் தூர்தான். அடுத்த வருடம் நாற்பது மாரு போடலாம் என்று இப்போதே பேசுகிறார்கள்.

திம்மராயா, நீ சொன்னது சரி. நான் செய்தது தப்பு. கை ஓங்கியதும் தப்பு. இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

ஆவணியில் காவேரிக்கு முகூர்த்தம் வைத்திருக்கிறோம், இப்போதே லீவுக்கு எழுதிப் போடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தவறாதே. துரோபதையம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. உன் கடிதங்கள் எல்லாம் அம்மா பெயருக்கே வருகின்றன, வாசலில் நான் நின்றாலும் தபால்காரர் என்னைத் தாண்டிப் போய்த்தான் கொடுக்கிறார். அடுத்த கடிதத்தின் மேல் என் பெயரை எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
கி. முனிசாமி