ஆளுக்குப் பாதி

மார்ச் 3
சிறுநீர் போனால் நெருப்பாக எரிகிறது. தையல் மெஷின் முன் உட்கார முடியவில்லை. வயிற்றில் ஐந்து மாதம் வேறு.

மார்ச் 5
என் வீட்டுக்காரருக்கும் எரிச்சலாம்! சொல்லவே இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தன் அக்காவிடம் வாங்கிய மாத்திரையில் பாதியை என்னிடம் நீட்டினார். பன்னிலிருந்து போர்வை வரை எங்களுக்கு எல்லாமே ஆளுக்குப் பாதிதான். விழுங்கிவிட்டேன்.

மார்ச் 14
எரிச்சல் குறைந்து, திரும்பவும் வந்துவிட்டது. டாக்டரம்மா இருவருக்கும் டெஸ்ட் எடுத்தார். உடலுறவில் தொற்றும் வெட்டை நோய்.

"யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு கேக்கமாட்டேன்மா. எத்தனை மாத்திரை சாப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே கும்பிடலாம். பல மருந்துக்கு ஏற்கெனவே பழகிய கிருமியாம். அரைகுறை மருந்தில் இன்னும் வலுத்திருக்கும் என்றார். இருவருக்கும் ஊசி போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வாயைத் திறந்தார். வெளியூர் வேலைக்குப் போன இடத்தில்... சே! என் மூஞ்சியிலயே முழிக்காதே, போன்னுட்டேன்.

மார்ச் 16
நாத்தனார் வந்தார். தம்பிக்கு வக்காலத்து வாங்கத்தான் என்று நினைத்தேன். "சளின்னான், டாக்டர் சீட்டு கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன். என்னைத் திட்டுடி" என்று அழுதார். தம்பியைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னோடு தங்கிவிட்டார்.

மார்ச் 24
ஊசியும் கேட்கவில்லை. பிரசவத்துக்குள் அடங்காவிட்டால் குழந்தையின் கண்ணைப் பாதிக்கலாமாம்.
தப்பு பண்ணது யாரு, கண்ணு யாரோடது?

ஏப்ரல் 2
ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். முகம் தெரியாத அந்த மனிதர்கள் நன்றாக இருக்கட்டும். மருந்து வேறு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. நாத்தனார் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். "பக்கத்து சீட்டுக்காரன் ஐஸ்கிரீமான்னு கேக்கறான்டி!" எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

ஏப்ரல் 25
மருந்து கேட்டுவிட்டது. மறு டெஸ்டில் இருவருக்கும் கிருமி இல்லை. வீட்டுக்காரர் போனில் அழுதார். அழட்டும் என்று விட்டேன்.

மே 11
நாத்தனார் கடையில் ஒருவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்டாராம். "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியதற்கு முதலாளியிடம் திட்டு. ராத்திரி நாத்தனாருக்குத் தலை வாரிவிட்டேன்.

ஜூலை 30
பெண். டாக்டரம்மா கண் இரண்டையும் விளக்கடித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லைம்மா, சுத்தமா இருக்கு" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை நான்.

வார்டு வாசலில் வீட்டுக்காரர் நின்றார், உள்ளே வரவில்லை. எனக்குக் கோபம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் குழந்தையை வாசல் பக்கம் திருப்பிப் பிடித்தேன், அவள் பார்க்கட்டும் என்று.