அணைக்கப்பட்ட குளத்து விளக்கும் என் அக்காவின் சாவும்

அனுப்புநர்:
எலக்ட்ரீஷியன் (தற்போது வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்),
பி பிளாக், மூன்றாம் மாடி.

பெறுநர்:
பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
நகர நிர்வாக அலுவலகம்.

பொருள்: குடியிருப்பின் பொது நீச்சல் குளம் – இருட்டிய பின் விளக்கு அணைக்கப்பட்டதால் நேர்ந்த மரணம் – விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகள் மின்வேலை பார்த்தவன் நான். டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்த என் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். நின்றே வேலை பார்த்து முதுகு போனதால் டாக்டர் அவரை நீந்தச் சொல்லியிருந்தார். பெண்களுக்கான நேரம் மாலை ஆறரை முதல் ஏழரை.

1. குளத்தின் உள்சுவர் விளக்குகள் நான்கும் ஜனவரியிலேயே பழுதாகிவிட்டன. புதியவை வாங்கக் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். புகார்ப் பதிவேட்டில் நான்கு முறை எழுதினேன். நேரில் போய் நின்றபோது, "உள்ள லைட்டு போட்டு என்ன, மீனுக்குப் பாடம் நடத்தப் போறியா?" என்றார். உறுப்பினர்கள் சிரித்தார்கள். வேலை போய்விடுமோ என்று நானும் சிரித்து வைத்தேன்.

2. மிச்சமிருந்தது கம்பத்து ஃபோகஸ் லைட் ஒன்றுதான். கடந்த மூன்றாம் தேதி, குளத்தை ஒட்டிய ஹாலில் செயலாளர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. படம் எடுக்கையில் கண் கூசுகிறதென்று ஏழு மணிக்கு அதையும் காவலாளியை விட்டு அணைக்கச் செய்தார். குளத்தில் அக்கா மட்டும் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தார். பின்தலை சுவரில் மோதியதாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை கூறுகிறது.

3. ஏழேகாலுக்கு அவரைத் தேடிப் போனேன். படியோரம் செருப்பும் துண்டும் இருந்தன. இரண்டு முறை கூப்பிட்டேன், பாட்டுச் சத்தம். சுவிட்ச் பெட்டியைத் திறக்கப் போன என்னைச் செயலாளர் தடுத்து, "பொம்பளைங்க குளிக்கிற நேரத்துல உனக்கு இங்க என்ன வேலை?" என்றார். ஆளிருக்கும் நேரம் என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி. அக்கா உள்ளே இருக்கிறார் என்றேன். "உங்கக்கா என்ன கைக்குழந்தையா? கேக்கு வெட்டட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்றார்.

நான் வெளியே போய் நின்றேன், ஐயா. வெட்டி, ஊட்டி, கைதட்டி முடியப் பதினொரு நிமிடம். பிறகு நானே விளக்கைப் போட்டேன். எட்டடி ஆழத்தில், தரையில் கிடந்தார். விருந்தாளிகள் சிலர் அதையும் படம் எடுத்தார்கள்.

4. மறுநாள் பதிவேட்டில் என் புகார்த் தாள்கள் இல்லை. 'இருட்டிய பின் நீந்தத் தடை' என்ற பலகை, போன வருடத் தேதியோடு மாட்டப்பட்டிருந்தது; தொட்டுப் பார்த்தேன், பெயிண்ட் கையில் ஒட்டியது. விளக்கை அணைத்தது நான்தான் என்று காவலாளியிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் செயலாளர் தேம்பித் தேம்பி அழுதார். ஆறாம் நாள் குளம் திறந்தது. உள்விளக்குகள் நான்கும் இப்போது எரிகின்றன.

ஆகவே, குளத்தை மூடி ஆய்வு செய்யவும், விருந்துப் படங்களைக் கைப்பற்றி விளக்கு அணைந்த நேரத்தைக் கண்டறியவும் வேண்டுகிறேன்.

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. நேற்று ஜன்னலில் நின்றபடி, "மாமா, நாலு லைட்டு மாட்ட எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள். அரை நாள் என்றேன். அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. விசாரணைக்கு வரும்போது, அணைத்தது நான் இல்லை என்று அவளிடம் தாங்களே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)

இடம்: பி பிளாக்
நாள்: 14 மார்ச்